மதுவில் ஊறியும் சாகாத பாக்டீரியா

கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள். இந்த மாற்றத்துக்கான பெயரை ஈஸ்ட் தட்டிக்கொண்டு போகிறது. கூடவே உழைக்கும் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவை யாரும் நினைப்பதில்லை. 1920களில் ஜெர்மானியரான பால் லிண்ட்னர் மெக்சிகோவின் புல்கே என்னும் கற்றாழைக் கள்ளில் இதை அடையாளம் கண்டார்.

சர்க்கரையை மதுவாக்குவது இதன் பிழைப்பு. ஆனால் அந்த மதுவே இதற்கு நஞ்சு. உயிரணுவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் மது புகுந்து அதைத் தளர்த்துகிறது. உள்ளிருக்கும் உப்புகள் கசிகின்றன, வெளியே உள்ள அமிலம் நுழைகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் இதில் சீக்கிரமே சுருண்டுவிடும். சைமோமோனாஸோ மது 10 சதவீதத்தைத் தாண்டினாலும் வேலையை நிறுத்துவதில்லை.

ரகசியம் சவ்வில்தான். நெய்யில் நிறைந்திருக்கும் நேரான கொழுப்பு அமிலங்கள் நெருங்கி அடுக்கிக்கொண்டு உறையும். எண்ணெயில் உள்ள வளைந்தவை உறையாமல் நெகிழ்ந்தே இருக்கும். சைமோமோனாஸின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி 18 கார்பன் கொண்ட, வளைந்த வேக்சினிக் அமிலம். அதோடு ஹோப்பனாய்டு என்ற பொருளும் உண்டு. நம் உடலில் கொலஸ்ட்ரால் செய்வதைப் போல, சவ்வு குலையாமல் இது பிடித்து நிறுத்துகிறது.

ஆக்சிஜன் இங்கேதான் வருகிறது. கொலஸ்ட்ராலின் உறவுப் பொருளான எர்கோஸ்டெராலைத் தயாரிக்க ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் மது ஆலைகளில் தொடக்கத்தில் கொஞ்சம் காற்றூட்டுகிறார்கள். ஹோப்பனாய்டுக்கு அது தேவையே இல்லை. சொல்லப்போனால், காற்று சைமோமோனாஸுக்குத் தொல்லை. மதுவுக்கு முந்தைய கட்டப் பொருளான அசிட்டால்டிஹைடு மதுவாக மாறத் தேவையான எலெக்ட்ரான்களை ஆக்சிஜன் பறித்துக்கொள்ள, மதுவைவிடக் கொடிய அசிட்டால்டிஹைடு தேங்கி வளர்ச்சி தடைபடுகிறது.

மது செய்வதைப் பிழைப்பாகக் கொள்ளாத பாக்டீரியா மதுவில் மாட்டினால் என்ன செய்யும்? அமெரிக்க ஆய்வாளர் லோனி இங்கிராம் 1976இல் இதை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் சோதித்தார். மதுவில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலில் வளர்ந்தபோது அது வேக்சினிக் அமிலத்தைக் கூட்டி, நேரான 16 கார்பன் அமிலத்தைக் குறைத்தது. நீளமான கார்பன் சங்கிலி கொண்ட ஆல்கஹால்களைக் கொடுத்தபோது நடந்தது நேர் எதிர்! ஆல்கஹால் எல்லாம் ஒன்று என்று பாக்டீரியா நினைப்பதில்லை போலும்.

பின்னர் அவரது குழு சைமோமோனாஸின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலைக்குள் வைத்து, விவசாயக் கழிவுச் சர்க்கரைகளை எத்தனாலாக்க வழிசெய்தது. 1991இல் அதற்குக் கிடைத்தது அமெரிக்காவின் 50,00,000ஆவது காப்புரிமை. மது செய்யும் வித்தை அந்த இரண்டு மரபணுக்களோடு வந்துவிட்டது. மதுவைத் தாங்கும் சவ்வு வரவில்லை. மதுவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தாக்குப்பிடித்தவற்றை மட்டும் பொறுக்கி வளர்க்க வேண்டியிருந்தது.