பேட்டரிக்கு அவசரம் ஆகாது

வேலூரிலிருந்து அமிர்தி 25 கிலோமீட்டர்தான். அங்கே ஜவ்வாது மலைக் காடு தொடங்கிவிடுகிறது. காற்றில் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். அப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால், வீட்டு மூலையில் ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி உழைக்கிறது என்று அர்த்தம். கரண்ட் திரும்பியதும் அதை எவ்வளவு வேகமாக நிரப்பலாம்? பேட்டரியின் ஆயுளே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

உள்ளே மின்சாரம் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்பதில்லை. ஈயத் தகடு ஒன்று, ஈய ஆக்சைடுத் தகடு ஒன்று, நடுவில் ஆசிட். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளான்ட்டே செய்த பேட்டரியின் சாரம் இன்றும் இதுதான். ஃபேன் சுற்றச் சுற்ற இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழையபடி திரும்பும்.

ஈயம் சல்பேட்டாக மாறும்போது இரண்டரை மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால்தான் தகட்டை இட்லி மாதிரி துளைத்துளையாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு கரண்ட் கட்டிலும் அது உப்பும். சார்ஜ் ஏறினால் சுருங்கும். டியூபுலர் பேட்டரியில் இன்னும் ஒரு சாமர்த்தியம் உண்டு. பென்சிலுக்குள் கரிக்குச்சி இருப்பதுபோல நடுவில் ஈயக் கம்பி, அதைச் சுற்றி மருந்து (சல்பேட்டாக மாறும் ஈய ஆக்சைடு), அதற்கு மேல் துணிக்குழாய். மருந்து உப்பினாலும் உதிராமல் துணி பிடித்துக்கொள்ளும்.

150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 15 ஆம்பியரைப் பத்து மணி நேரம் தரக்கூடியது என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏற்றுவதற்கும் அதே பத்தில் ஒரு பங்கு, 15 ஆம்பியர், நல்ல வேகம். 30 ஆக்கினால் நேரம் பாதியாகும் என்று தோன்றும். ஆனால் உள்தடையில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் கணக்கு. வேலூர் வெயிலில் மொட்டைமாடி அறையில் இருக்கும் பேட்டரியை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

காலியான பேட்டரி முதலில் ஆவலோடு குடிக்கும். நிரம்ப நிரம்ப, மாறுவதற்கு மிச்சமிருக்கும் சல்பேட் குறையும். அப்போதும் கரண்டைத் திணித்தால், 14.4 வோல்ட்டைத் தாண்டியதும் உபரி மின்சாரம் தண்ணீரையே உடைக்கத் தொடங்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிகளாகக் கிளம்பி, தகட்டு மருந்தை உதிர்க்கும். டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைவது இதனால்தான். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றும்; பேட்டரி பக்கத்தில் ஜன்னல் வேண்டும்.

அதற்காக அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றி விட்டுவிடவும் முடியாது. புதிதாகப் படிந்த சல்பேட் சீனித்தூள் போன்றது, எளிதில் கரையும். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் கற்கண்டாக இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. கனமான ஆசிட்டும், கலக்காத பாயசத்தின் சர்க்கரை மாதிரி அடியில் தங்கும். அதைக் கலக்கிவிடுவது எது தெரியுமா? நாம் பழித்த அதே குமிழிகள்தான், அளவோடு வந்தால்.

நல்ல சார்ஜர் இதையெல்லாம் அறிந்து நடக்கும். முதலில் 15 ஆம்பியரை விடும். 14.4 வோல்ட் வந்ததும் அங்கேயே நின்று, கரண்டைப் படிப்படியாகக் குறைக்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கை நிரப்பத்தான் மணிக்கணக்காகும். எல்லாரும் தூங்கிய பிறகு 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி, விடியும்வரை சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருக்கும்.