கையைத் தூக்காதீங்க, மல்லாந்து மிதங்க!

கண்மாயோ குளமோ இல்லாத ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அபூர்வம். மழை பெய்து தண்ணீர் நிறைந்தால் பிள்ளைகள் குளிக்கக் கிளம்பிடுவாங்க. ஆனால், 2023 பிப்ரவரி 15-ல் நடந்ததை மறக்க முடியுமா? கால்பந்துப் போட்டிக்குச் சென்ற நம் மாவட்டப் பள்ளி மாணவிகள் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி உயிரிழந்தனர்.

உடம்பு மிதக்குமா, மூழ்குமா?

இரண்டும் நடக்கும். நம் உடம்பு ஒதுக்கும் தண்ணீரின் எடை எவ்வளவோ, அந்த அளவுக்குத் தண்ணீர் நம்மை மேலே தூக்கும். இது ஆர்க்கிமிடிஸ் விதி. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால், உடம்பு சுமார் 61 லிட்டர் இடத்தை அடைக்கும், மிதப்பார். மூச்சை முழுசா விட்டால் சுமார் 58 லிட்டர்தான், மூழ்குவார். நெஞ்சுக்குள் இருக்கும் காற்றுதான் நம்ம சுரைக்குடுக்கை!

கடல் தண்ணீர் இன்னும் கனமானது. அதனால் மணமேல்குடி கடலில் மிதப்பது சற்று சுலபம். ஆனால், அலை இழுக்கும் என்பதை மறக்காதீங்க.

பதற்றம்தான் மூழ்கடிக்கிறது

மேலே சொன்னவருக்குத் தண்ணீர் கூடுதலாகத் தாங்குவது 1 கிலோதான். தலை மட்டுமே 4 முதல் 5 கிலோ! கையையும் வெளியே தூக்கினால் அந்தப் பாரமும் சேர்ந்து தலையை உள்ளே அமுக்கும். கத்தினால் காற்று வெளியேறும். அதனால், தவறி விழுந்தால்:

• மல்லாந்து படுங்க. காதுவரை தலை தண்ணீருக்குள் இருக்கட்டும். மூக்கும் வாயும் வெளியே இருந்தால் போதும்.
• கைகளைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து மெதுவாக அசையுங்க.
• மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்க.

கரையில் இருப்பவர்கள்

மூழ்குபவர் பெரும்பாலும் சத்தமே போட மாட்டார். நீங்கள் உடனே குதிக்காதீங்க. பதற்றத்தில் உங்களையும் சேர்த்து அமுக்கிடுவார். வேட்டி, சேலை, கயிறு எதையாவது வீசுங்க. மூடி இறுக்கிய 10 லிட்டர் காலி கேன்கூட சுமார் 10 கிலோ பாரத்தைத் தாங்கும். உடனே 112 அல்லது 108-க்கு அழையுங்க.

மிதக்கத் தெரிவது நீச்சல் ஆகாது. தடுப்பணை, கல்குவாரிப் பள்ளம், ஓடும் ஆறு ஆகியவற்றில் இறங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. இன்றே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க.