ஊவா மலையில் ஏரியல் கோபுரம்

2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின், தொடர்பற்றுக் கிடந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கடத்தியோருள் அமெச்சூர் வானொலியாளரும் உளர். ஏரியல் நிமிர்ந்து நின்றாலன்றோ அத்தகு உதவி கைகூடும்!

பதுளைத் தோட்டப்புறங்களில் கோபுரத்துக்குப் பகை இரண்டு. ஆனி, ஆடியில் மலை கடந்து வீசும் வறண்ட கச்சான் ஸ்டே கம்பிகளைத் தளர்த்தும். காற்று ஓய்ந்ததும் அவற்றைச் சமமாக இறுக்குதல் வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையோ கண்ணுக்குப் புலப்படாமல் கெடுப்பது. கேபிள் மூட்டில் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் செப்புப் பின்னல் கறுத்து, அலையின் வலிமை வழியிலேயே விரயமாகும். ஆகவே மூட்டின்மேல் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுக. ஓட்டுக்கூரைபோல் நீர் வழிந்தோடும். ஏரியலைத் திருப்பும் மோட்டாரின் அருகே கேபிளைத் தளர விடுக. இறுகக் கட்டினால் திரும்புகையில் அறுந்துபோம்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி வழக்கம். வானம் கறுக்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்தல் நன்று; முழக்கம் கேட்டபின் அதனைத் தொடலாகாது.