கவசத்துக்குள் தேங்கும் உஷ்ணம்

1959-இல் ராபர்ட் ஹைன்லைன் தமது விண்வெளிப் போர் நாவலில் கற்பித்த விசைக் கவசம் போன்றதொன்றை ஒருவன் மெய்யாகவே அணிய நேர்ந்தால், அவனுக்குப் பெரும் சத்துரு வெளியே தகிக்கும் அனலன்று. வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும் தேக உஷ்ணமே. 1966-இல் ஜெமினி 9 விண்கலத்தினின்று வெளிவந்த விண்வெளி வீரர் யூஜீன் செர்னான், காற்றோட்டம் மட்டுமே குளிர்வித்த உடைக்குள் வியர்த்துப் போய், முகக்கண்ணாடியில் ஆவி படிய, பார்வை மறைந்து தத்தளித்தார். சந்திரனில் நடந்த அப்பல்லோ வீரர்களின் உள்ளுடையிலோ, மெல்லிய குழாய்களின் வழியே தோலையொட்டிக் குளிர்நீர் ஓடிற்று; அந்நீர் ஏந்திவந்த சூட்டை, முதுகுப் பெட்டியில் உறைந்த பனி வாங்கிக்கொண்டு, சூனியவெளியில் நேரே ஆவியாயிற்று. கற்பனைக் கவசம் தன்னை இயக்கும் மோட்டார்களின் சூட்டையும் சேர்த்தல்லவா போக்கவேண்டும்! அதற்கு வழி சொல்லும் கதாசிரியரையே நான் மிகவும் மதிப்பேன்.