காவல்துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? உச்ச நீதிமன்றத்தின் 7 உத்தரவுகள் கூறுவது என்ன?

புதுடெல்லி: காவலர் மீது பொதுமக்கள் அளிக்கும் புகாரைப் பெரும்பாலும் காவல்துறை அதிகாரிகளே விசாரிக்கின்றனர். இந்நிலையை மாற்றும் வகையில், 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி, பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவை குறித்தும், அவற்றின் இன்றைய நிலை குறித்தும் இங்கு காணலாம்.

வழக்கின் பின்னணி

இந்தியக் காவல்துறையின் அடிப்படை, ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1861ஆம் ஆண்டு காவல் சட்டமாகும். இது காவல்துறையை அரசின் மேற்பார்வையில் வைத்தது. மக்களின் புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. நெருக்கடி நிலைக்குப் பின் 1977இல் அமைக்கப்பட்ட தேசிய காவல் ஆணையம், 1981க்குள் 8 அறிக்கைகளை அளித்தது. அவற்றின் முக்கியப் பரிந்துரைகள் கிடப்பில் போடப்பட்டன. இதையடுத்து, உத்தரப் பிரதேசம், அசாம் மாநிலங்களின் முன்னாள் டிஜிபி பிரகாஷ் சிங் உள்ளிட்டோர் 1996இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர்.

7 உத்தரவுகள்

1. காவல்துறை மீது தேவையற்ற அரசியல் அழுத்தத்தைத் தடுக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம்.
2. யுபிஎஸ்சி தேர்வு செய்யும் மூன்று மூத்த அதிகாரிகளில் ஒருவரை டிஜிபியாக நியமித்தல். அவருக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம்.
3. மாவட்டக் கண்காணிப்பாளர், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி உள்ளிட்டோருக்கும் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம்.
4. குற்றப் புலனாய்வையும் சட்டம் ஒழுங்குப் பணியையும் பிரித்தல்.
5. இடமாற்றம், பதவி உயர்வு குறித்து முடிவெடுக்கக் காவல் பணியமைப்பு வாரியம்.
6. மாநில, மாவட்ட அளவில் காவல் புகார் ஆணையம்.
7. மத்திய காவல் படைகளின் தலைவர்களைத் தேர்வு செய்யத் தேசியப் பாதுகாப்பு ஆணையம்.

மக்களுக்கான உத்தரவு

இவற்றில் சாதாரண குடிமகன் நேரடியாக அணுகக்கூடியது ஆறாவது உத்தரவில் உள்ள புகார் ஆணையம் மட்டுமே. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்க வேண்டும். காவல் மரணம், கொடுங்காயம், காவலில் பாலியல் வன்கொடுமை போன்ற புகார்கள் இதன் வரம்பில் வருகின்றன. பணம் பறித்தல், நில அபகரிப்பு ஆகியவற்றையும் மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம். இந்த ஆணையங்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றும் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

நடைமுறையில் என்ன நடந்தது?

பல மாநிலங்கள் புதிய சட்டங்களை இயற்றினாலும், அவற்றில் உத்தரவுகளின் வீரியம் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டு சட்டம், மாநிலப் புகார் ஆணையத்தின் தலைமைப் பொறுப்பை நீதிபதிக்குப் பதிலாக உள்துறைச் செயலாளரிடம் அளித்தது. உத்தரவுகளின் அமலாக்கத்தைக் கண்காணித்த நீதிபதி கே.டி.தாமஸ் குழு, மாநிலங்களின் அலட்சியம் குறித்து 2010இல் கவலை தெரிவித்தது.

மறுபுறம், டிஜிபி நியமன விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் உறுதியாகத் தலையிட்டது. கேரள டிஜிபி பதவியிலிருந்து நீக்கப்பட்ட டி.பி.சென்குமாரை மீண்டும் நியமிக்க 2017இல் உத்தரவிட்டது. பொறுப்பு டிஜிபி நியமனங்களுக்கு 2018இல் தடை விதித்தது. பதவி இழந்த அதிகாரியால் டெல்லி வரை சென்று வழக்காட முடிகிறது. காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட கூலித் தொழிலாளிக்கு அது எளிதல்ல. அவருக்காகவே உருவாக்கப்பட்ட புகார் ஆணையம் பலவீனமாக இருப்பதே, இந்தச் சீர்திருத்தத்தின் பெரிய குறையாகப் பார்க்கப்படுகிறது.

இப்போதுள்ள வழிகள்

முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய மறுக்கப்பட்டால், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பலாம். அதன் பின்னரும் நடவடிக்கை இல்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனித உரிமை ஆணையத்திலும் முறையிடலாம். எனினும், அதன் முடிவுகள் பரிந்துரை அளவிலேயே உள்ளன. காவல் நிலையங்களில் சிசிடிவி கேமராக்களைப் பொருத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டுள்ளதால், தாமதமின்றி அந்தப் பதிவுகளைக் கோருவது புகாருக்கு வலுச் சேர்க்கும்.