மூன்று நிமிடப் பேச்சு, வணக்கத்திலேயே முடிந்துவிடுகிறதா?

தீபாவளி நெருங்கினால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் விற்பனைச் சந்தைகள் களைகட்டும். அங்கும் வர்த்தகர் சங்கக் கூட்டங்களிலும் சிறுதொழில் செய்வோர் தங்கள் பொருளை அறிமுகப்படுத்த இரண்டு மூன்று நிமிடம் ஒலிவாங்கி கிடைப்பதுண்டு. வீட்டிலிருந்தே பலகாரம், சத்துமாவு செய்து விற்கும் பெண்களுக்கு இது காசில்லாமல் கிடைக்கும் விளம்பரம்.

அந்த நேரத்தின் பெரும்பகுதி வணக்கத்தில் போய்விடுகிறது. டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்று பட்ட வரிசை பிசகாமல் ஒவ்வொருவரையும் விளித்து முடிப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். அதே பெயர்களை அறிவிப்பாளர் முன்பே வாசித்திருப்பார். "பிரமுகர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்" என்ற ஒரு வரி போதும். யார் பெயரையும் சொல்லாவிட்டால், யார் பெயரும் விடுபடவில்லை என்ற நிம்மதியும் உண்டு.

அடுத்து, தொழில் தொடங்கிய கதை. வாங்க வந்தவருக்கு முதலில் தேவை வேறு. "சத்துமாவு அரைக் கிலோ 18 வெள்ளி. சீனி சேர்க்கவில்லை. வெளியே நான்காவது கடையில் கஞ்சி காய்ச்சி வைத்திருக்கிறோம், குடித்துப் பாருங்கள்" என்று பேச்சைத் தொடங்கினால் காது கொடுப்பார்கள். விலையைச் சொல்லக் கூச்சப்பட்டு "வாட்ஸ்அப்பில் கேளுங்கள்" என்றால், பலர் கேட்கவே மாட்டார்கள்.

நேரத்தை வீணாக்குவதைவிடப் பெரிய ஆபத்து, உற்சாகத்தில் வாய் தவறுவது. "இதைக் குடித்தால் சர்க்கரை நோய் குணமாகும்" என்று மேடையில் சொல்வது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று எந்தப் பொருளையும் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தத் தடை விதிக்கிறது. வாய்மொழி அறிவிப்பும் அதில் விளம்பரமாகவே கருதப்படுகிறது. அச்சிட்ட தாளுக்கு மட்டும்தான் சட்டம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டி வைத்தியம் என்று முன்னொட்டுப் போட்டாலும் நிலைமை மாறாது. என்னென்ன தானியம், எப்படி வறுத்து அரைத்தது என்று சொன்னாலே போதுமானது.

"சைவம்தானே, ஹலால்தான்" என்பதும் அப்படியே. மலாய்க்காரர்களும் வாங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின்கீழ், ஜாக்கிம் போன்ற தகுதி பெற்ற அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் உணவை ஹலால் என்று விவரிக்கக்கூடாது. அதற்குப் பதில், சேர்மானங்களையும் விலையையும் மலாயில் ஒருமுறை சொல்லிவிடலாம். பிற இனத்தவர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் அது நல்ல வியாபாரமும்கூட.

எழுதியதைக் கைப்பேசியில் நேரம் வைத்துச் சத்தமாகப் படித்துப் பார்ப்பது அவசியம். மூன்று நிமிடம் கொடுத்தால் இரண்டரை நிமிடத்துக்குத் தயார் செய்யலாம். மீதி அரை நிமிடம், கீழேயிருந்து வரும் கேள்விக்கு.