ஏரிக்கரையில் பருந்துக் கணக்கு

ஏப்ரல் கடைசியில் தென்காற்று வீசும் நாளாகப் பார்த்து, ஒன்டாரியோ ஏரியின் தென்கிழக்கு மூலையில் உள்ள டெர்பி ஹில் மேட்டில் பைனாகுலருடன் ஆட்கள் கூடிவிடுவார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது இந்த மேடு.

தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கூடுகட்ட வடக்கே திரும்பும் பருந்துகளை இந்த ஏரி மறிக்கிறது. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு மேலேறி, பிறகு சிறகடிக்காமல் சறுக்கிச் செல்வதே அவற்றின் பயண முறை. சுமார் 400 கிராம் எடையுள்ள அகன்ற சிறகுப் பருந்து தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்வது இந்தச் சிக்கனத்தால்தான். குளிர்ந்த நீரின்மேல் அந்த ஏறுகாற்று கிடையாது. ஆகவே கரையோரமாகக் கிழக்கே திரும்புகின்றன. பரந்து சிதறி வந்தவையெல்லாம் மூலையில் ஒரே ஓடையாகக் குவிகின்றன.

வட்டமிடும்போது அவற்றை எண்ண முடியாது. உலைநீர் கொதிப்பதுபோல் ஒன்றையொன்று மறைத்துச் சுழலும். அந்தக் கூட்டத்துக்கு அங்கே 'கெட்டில்' என்றே பெயர். பழகியவர் காத்திருப்பார். உச்சிக்குப் போனதும் பருந்துகள் பிரிந்து வரிசையாகச் சறுக்கத் தொடங்கும். அப்போதுதான் கையிலுள்ள எண்ணும் கருவியை விரல் அழுத்திக்கொண்டே போகும். மேகமில்லாத நீலவானம் இந்த வேலைக்குப் பகை. வெண்மேகத்தின் முன்னால்தான் அந்தப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும்.

நிறம் தெரியாத உயரத்தில் பறக்கும் விதத்தைப் பார்த்துத்தான் இனத்தைச் சொல்ல வேண்டும். சிறகை மேல்நோக்கித் தூக்கித் தள்ளாடினால் டர்க்கி வல்ச்சர். சில முறை படபடத்துச் சறுக்கினால் சிறிய வல்லூறு. பலகைபோல் நேராக நீட்டியிருந்தால் வெண்தலைக் கழுகு.

அந்தக் கழுகின் குஞ்சுக்கு வெள்ளைத் தலை வர ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். அதனால் இளம் பறவைகளைத் தனியே எண்ணலாம். இப்படிப் பிரித்து எண்ணுவதன் முழு மதிப்பும் வேறொரு மலையில் வெளிப்பட்டது. பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டனில் பருந்துகளைச் சுட்டுக் குவித்துவந்தார்கள். 1934இல் பறவைப் பாதுகாப்புக்குப் போராடிய ரோசலி எட்ஜ் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். அங்கே காவலராக வந்த மாரிஸ் பிரவுன் இலையுதிர்காலங்களில் எண்ணினார். 1935–39இல் கடந்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955–59இல் 20 சதவீதமே. டிடிடி பூச்சிமருந்து கழுகுகளின் இனப்பெருக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இந்தக் கணக்கைச் சான்றாக வைத்தார். 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது.

இன்று டெர்பி ஹில்லில் வசந்த காலத்தில் வெண்தலைக் கழுகைப் பார்ப்பது வழக்கமான காட்சி.